என் பெயரில் மச்சானின் ரத்தம்

என் நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது. சிதம்பரத்தில் வைத்தது. வைத்து மூன்றாவது வருஷம் நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தை இங்கே எழுதுகிறேன். பரிசோதனைக்கு என் ரத்தத்துக்குப் பதில் என் மனைவியின் தம்பி ரத்தத்தைக் கொடுத்தேன். மாட்டினால் என் வேலை போகும் என்று பயந்துகொண்டுதான் அந்த வேலையைப் பார்த்தேன். ஆனால் போகக் காத்திருந்தது அவன் உயிர். அது எனக்கு உறைக்கப் பதினெட்டு நாள் ஆனது. என்னை யாராவது முட்டாள் என்று சொன்னால் கோபம் வரும், ஆனால் மறுக்க மாட்டேன்.

செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தேன். எனக்குக் கீழே இருபத்திரண்டு பேர். இதயத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தக் கொழுப்பு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். கெட்ட கொழுப்பு எழுபதுக்குள் இருக்க வேண்டும். ஸ்டென்ட் ஓர் இடத்தைத்தான் திறந்து வைக்கும், ரத்தத்தில் ஓடும் கொழுப்பு அடைக்க வேறு இடம் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று விளக்கி, சிதம்பரத்து டாக்டரும் அந்த எழுபதைத்தான் சொல்லியிருந்தார். எனக்கு முந்தின வருஷம் எண்பத்தாறு வந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். கம்பெனி டாக்டர், அடுத்த தடவையும் தாண்டினால் லைட் டூட்டி என்றார்.

லைட் டூட்டி என்றால் எங்கள் கம்பெனியில் ஹெல்மெட் ரூம். கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு நாற்காலி, நாற்பது மஞ்சள் ஹெல்மெட். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், போகும்போது வாங்கி வைக்க வேண்டும். எனக்கு முன்னால் அங்கே போன ஒருத்தர் ரிட்டயர் ஆகும்வரை வெளியே வரவில்லை. பாய்லரையே மிரட்டி வேலை வாங்கியவன் நான். என்னால் ஹெல்மெட் எண்ண முடியாது.

மாத்திரையை மட்டும் நான் தவறவிட்டதில்லை. தவறவிட முடியாது, என் மனைவி வாயில் போட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். ஆனால் வீட்டுக்கு வெளியே நான் ஒரு சுதந்திர மனிதன். முதுநகர் பக்கம் போனால் நண்டு வறுவல், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது ஆட்டுக்கால், தினம் இரண்டு வடை. ரத்தம் கொடுக்கும் நாள் நெருங்க நெருங்க, தின்றதெல்லாம் கணக்கில் வந்து நின்றது. இந்த ரத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் லேப்காரன் அப்பளம் பொரித்துவிடுவான் என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பிச்சாவரத்தில் மச்சானைப் பார்த்தேன். அவன் கிள்ளையில் இருக்கிறான், பிச்சாவரத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு துடுப்புப் படகு வலிக்கிறவன். நாற்பத்துநாலு வயது. வயிறு என்று ஒன்று கிடையாது. காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் ஏதோ ஒரு கருவாடும். கறி தீபாவளிக்குத்தான். அவனிடம் கொழுப்பாகப் பார்க்கக்கூடியது இரண்டு கண் இமைகளிலும் மேலே படிந்திருக்கும் மஞ்சள் தடிப்பு மட்டும்தான். அது அவர்கள் வீட்டு ஆண்களுக்கு வரும். என் மாமனாருக்கும் இருந்தது. அது வந்தால் வீட்டில் லட்சுமி தங்குவாள் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. தனக்கு வரவில்லையே என்று என் மனைவிக்கு இருபத்தாறு வருஷமாக ஏக்கம்.

படகை விட்டு இறங்கி வந்தவனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஏணி இரவல் கேட்டதுபோல அவன் தலையாட்டினான்.

"அதுக்கென்ன மாமா, எடுத்துக்குங்க. எவ்ளோ எடுப்பாங்க?"

"ஒரு சின்ன ட்யூப்தான் மச்சான்."

"ஜாஸ்தியா வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லுங்க. நம்மகிட்ட இருக்கு."

சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு லேப். கம்பெனி ஒத்துக்கொண்ட இடம், ஆனால் அங்கே என் முகம் யாருக்கும் தெரியாது. காலை ஏழு மணிக்குப் பட்டினியோடு போய் நின்றோம். உள்ளே ஒரு பெண், கையில் என் கம்பெனிக் கடிதம். பேர் கேட்டாள். மச்சான் பளிச்சென்று தன் பேரைச் சொன்னான். நான் காலை மிதித்தேன். என் பேரைச் சொன்னான்.

"ரெண்டு பேரா சார் உங்களுக்கு?"

"முன்னது வீட்ல கூப்புடறது" என்றேன் நான்.

அவள் கடிதத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இதுல அம்பத்தஞ்சு வயசுன்னு இருக்கு. பாத்தா அப்படித் தெரியலயே."

மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. "எனக்கு நாப்பத்தி நாலுதாம்மா."

"மனசளவுல சொல்றாரு" என்று நான் நடுவில் விழுந்தேன்.

"ஸ்டென்ட் வச்சிருக்குன்னு போட்டிருக்கே சார். எந்த வருசம் வச்சாங்க?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கு வச்சிருக்குதா மாமா?"

எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் தப்பித்தோம். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு ஊசியைக் குத்தினாள். ரத்தம் எடுத்து முடிந்ததும் மச்சானை ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். நாலு இட்லி சாப்பிட்டான், வடை எண்ணெயாக இருக்கிறது என்று தள்ளி வைத்தான். அதையும் நான்தான் தின்றேன்.

ரிப்போர்ட் நேராகக் கம்பெனிக்கே போய்விட்டது. மூன்றாம் நாள் கம்பெனி டாக்டர் என்னை மாடியில் இருக்கும் அவர் அறைக்கு வரச் சொன்னார். சின்ன வயசுக்காரர். நான் கதவைத் திறந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், மாடி ஏறியா வந்தீங்க?"

"ஆமாம். லிப்ட் ஏது இங்க?"

"மெதுவா உக்காருங்க. பேசாதீங்க. நெஞ்சு எப்படி இருக்கு?"

கெட்ட கொழுப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணை அவர் வாய்விட்டுச் சொல்லவே பயந்து, பேப்பரைத் திருப்பிக் காட்டினார், எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த ஆளுக்கு இந்த அளவில் கொழுப்பு இருந்தால் எந்த நிமிஷம் வேண்டுமானாலும் மாரடைப்பு வரலாம், இதயச் சதை செத்துப்போகும் என்றார். படியில் நடந்து இறங்க விடவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது. கம்பெனி ஆம்புலன்ஸ் மூன்று வருஷமாகப் பாதுகாப்பு ஒத்திகைக்கு மட்டுமே ஓடிய வண்டி. அதற்கு உண்மையான நோயாளி கிடைத்த சந்தோஷத்தில் டிரைவர் சைரனைப் போட்டுவிட்டார். இருநூறு அடி தூரம். எங்கே போனோம் என்று நினைக்கிறீர்கள்? ஹெல்மெட் ரூமுக்கு. என் ஷிப்ட் ஆட்கள் இருபத்திரண்டு பேரும் வெளியே வந்து வரிசையாக நின்றார்கள். நான் தினமும் திட்டுகிற ஒருத்தன் அழுதான். எழுந்து உட்கார்ந்து ஒரு அறை விடலாம் போல இருந்தது, ஆனால் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மச்சானுக்குப் போன் போட்டேன். அவனுக்கு உடம்புக்கு என்னவோ என்று கேட்கவில்லை, சத்தியமாக அந்த நினைப்பே வரவில்லை. திட்டத்தான் போட்டேன்.

"முந்தின நாள் என்னத்தத் தின்ன?"

"கஞ்சிதான் மாமா."

"பொய் சொல்லாத. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன?"

"எங்கயும் போகல மாமா. ஏன், ரத்தம் சரியில்லையா?"

"உன் ரத்தத்தால நான் ஹெல்மெட் ரூம்ல உக்காந்திருக்கேன்."

 அவன் "மன்னிச்சிக்குங்க மாமா" என்று சொல்லி வைத்துவிட்டான். நானும் மன்னிக்கிற தோரணையில் வைத்தேன்.

ஹெல்மெட் ரூமில் என்னை எல்லோரும் கண்ணாடிச் சாமானைப்போல நடத்தினார்கள். யூனியனில் ஆப்பிள் வாங்கிக் கொடுத்தார்கள். ஹெல்மெட்டை நான் தூக்கக் கூடாது என்று, வருகிறவர்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியானால் நான் எதற்கு அங்கே? கேட்டால், "சார், நீங்க கோவப்படக் கூடாது" என்பார்கள். அதைக் கேட்டுத்தான் கோபமே வந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் முதுநகரில் ஒரு சின்ன லேப்புக்குப் போய் என் சொந்த ரத்தத்தை என் சொந்தப் பேரில் கொடுத்தேன். அறுபத்தொன்று வந்தது.

நண்டு, ஆட்டுக்கால், வடை எல்லாவற்றையும் மீறி அறுபத்தொன்று. கூட்டிக் கொடுத்த மாத்திரை தன் வேலையைப் பார்த்துவிட்டது. நேர்மையாகப் போயிருந்தால் பாஸாகியிருப்பேன். லேப் வாசலில் நின்று என்னையே நான் திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் நின்றவர் ரிப்போர்ட் மோசமாக வந்துவிட்டது போல என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

இரண்டு ரிப்போர்ட்டையும் சட்டைப் பையில் மறந்து வைத்துவிட்டேன். துவைக்க எடுத்தபோது என் மனைவி பார்த்துவிட்டாள். மறுநாள் காலை சமையல் மேடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ரெண்டுலயும் உங்க பேரு. இதுல நீங்க எது?"

"சின்னது" என்றேன்.

"பெருசு யாரு?"

மறைத்துப் பிரயோஜனமில்லை. சொன்னேன். அவள் கத்துவாள் என்று தயாராக நின்றேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"எங்கப்பா படகுலேர்ந்து எறங்கி வந்து கரையில உக்காந்தாரு. அப்புறம் எந்திரிக்கல. வெயில்ல மயக்கம்னு சொன்னாங்க. நாப்பத்தாறு வயசு." பேப்பரை மடித்தாள். "தம்பிக்கு நாப்பத்தி நாலு."

அப்போதுதான் எனக்கு அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு ஓர் ஆளுடைய உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது விளங்கியது.  என்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அவ்வளவு ஆபத்தும் அவனுக்கு உரியது. அன்றிலிருந்து பதினைந்து நாளாக அவன் எதிர்காற்றில் படகு வலித்துக்கொண்டிருக்கிறான். ஒரு ஆஸ்பிரின்கூட உள்ளே போகவில்லை.

அடுத்த பஸ்ஸில் கிளம்பிப் பிச்சாவரம் போனேன். மச்சான் கரையில் மற்ற படகுக்காரர்களோடு உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொல்லி, உடனே சிதம்பரத்துக்கு வா, டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அவன் பேப்பரைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தான்.

"இதுல என் பேரு எங்க மாமா இருக்கு?"

"உன் ரத்தம் மச்சான் அது."

"பேரு உங்களுது. வயசு உங்களுது. கம்பெனி பேர்கூடப் போட்டிருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல."

பேப்பர் கைமாறிக் கைமாறி எல்லாப் படகுக்காரர்களிடமும் போனது. ஆறு பேர் கூடி விசாரித்தார்கள். அதில் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவராம், பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"சீல் போட்டிருக்காங்க. இது உங்களுக்குத்தான் செல்லும். அவன் பேர்ல இத மாத்த முடியாது."

"யோவ், இது பட்டாவாய்யா?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க. உங்களுக்குக் கொழுப்பு முந்நூத்திப் பன்னண்டு" என்றார் அவர், அக்கறையோடு.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். என்னை நிழலில் உட்கார வைத்து விசிறினார்கள். மச்சான் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் படகில் தேங்கியிருந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். எத்தனை சொல்லியும் வரவில்லை. அவன் அக்கா போனில் அழுதாள், அதற்கும் வரவில்லை. "மாமா ரிப்போர்ட்டுக்கு நான் ஏன்க்கா ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்ற ஒரே பதில்.

இதற்குள் கம்பெனி டாக்டர் அந்த ரிப்போர்ட்டைச் சிதம்பரத்தில் என் டாக்டருக்கு அனுப்பிவிட்டிருந்தார். உடனே வரச் சொல்லி எனக்கு அங்கிருந்து போன் வந்தது. அப்போது என் மனைவிக்கு ஒரு யோசனை தோன்றியது. தம்பிக்குப் போன் போட்டு, "மாமாவ ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டாங்க, தொணைக்கு ஆம்பள ஆளு வேணும்" என்றாள். அவ்வளவுதான். நோயாளியாக வர மறுத்தவன், துணைக்கு என்றதும் படகைக் கட்டிவிட்டு எங்களுக்கு முன்னால் வந்து நின்றான். தோளில் பை, கையில் பிளாஸ்க், எனக்கு மாற்று லுங்கி. பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்து இறக்கினான். அறுபத்தொன்று உள்ளவனை முந்நூற்றுப் பன்னிரண்டு உள்ளவன் தாங்கிப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிப் படி ஏறினோம். இரண்டாவது படியில் நின்று அவன் மூச்சு வாங்கினான்.

டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் என் பின்னால் பிளாஸ்க்கோடு நின்றவனின் கண் இமைகளைப் பார்த்தார். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவரு யாரு?"

நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம், லேப், கம்பெனி, ஹெல்மெட், மாமனார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீங்க எழுந்துருங்க. அவரு உக்காரட்டும்" என்றார். நான் ஏற்கெனவே எழுந்துதான் நின்றுகொண்டிருந்தேன். மச்சானிடமிருந்து பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு அவன் நின்ற இடத்தில் போய் நின்றேன்.

"படகு வலிக்கறப்ப நெஞ்சு அடைக்குதா?"

மச்சான் என்னைப் பார்த்தான். "எதிர்காத்துல மட்டும் சார்."

இமையில் இருப்பது லட்சுமி இல்லை, கொழுப்பு என்றார் டாக்டர். சிலருக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கொழுப்பு இப்படி ஏறிக்கிடக்கும், கஞ்சி குடித்தாலும் குறையாது, ஒல்லியாக இருந்தாலும் விடாது, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். என் மனைவிக்கும் அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருஷ ஏக்கம் அன்றோடு தீர்ந்தது. மச்சானுக்கு மறுநாள் ஆஞ்சியோ. ஒரு குழாய் கிட்டத்தட்ட மூடியிருந்தது, இன்னொன்று பாதி. பெரிய குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்துக்கு இன்னும் சேதாரமில்லை, ஆனால் இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நான் எதற்கும் உத்தரவாதம் சொல்லியிருக்க மாட்டேன் என்றார் டாக்டர்.

அன்றே செம்மங்குப்பம் போய் கம்பெனி டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். மாடியேறித்தான் போனேன், யாரும் தடுக்கவில்லை. அங்கேயே விசாரணை வைத்தார்கள். கொழுப்புக்காகத் தற்காலிகமாகக் கிடைத்த ஹெல்மெட் ரூம் பொய்க்காக நிரந்தரமாகிவிட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இப்போது ஹெல்மெட்டை நானே தூக்கிக் கொடுக்கிறேன்.

விசாரணை முடிந்து மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். மச்சான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அக்கா கஞ்சி வாங்கப் போயிருந்தாள். கம்பெனியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டான். சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"இதுக்குத்தான் மாமா நான் ஒத்துக்கல."

"எதுக்கு?"

"அந்தப் பேப்பரப் பாத்ததுமே தெரிஞ்சுது மாமா, எனக்கு வந்துடுச்சுன்னு. அப்பாவுக்கும் இப்படித்தான் மூச்சு வாங்கும், நான் கூடவே இருந்து பாத்திருக்கேன். என்னுதுன்னு ஒத்துக்கிட்டா நீங்க பண்ணது வெளிய வந்துடும். உங்க வேல போயிடும். என் பேர்ல இல்லாத வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டான். "கடேசில என்னாலதான் உங்க வேல கெட்டுச்சு. மனசுல வச்சுக்காதீங்க மாமா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வேலையாம் வேலை. எவனுக்குய்யா வேணும் அந்த வேலை? நீ செத்துப் போயிருந்தா உங்க அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். இருபத்தாறு வருஷம் அவனுக்கு மாமாவாக இருந்திருக்கிறேன். நல்லா இருக்கியா என்று ஒருநாள் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஒரு ட்யூப் ரத்தம். நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. போர்வைக்கு மேலேயே அவன் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கால விடுங்க மாமா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

அவன் அக்கா கஞ்சியோடு வரும்வரை நான் விடவில்லை.